திருப்பதிகமும் இருபத்தொன்பதாம் யாண்டும்

முதலாம் இராசராச சோழன் கி.பி. 985-ஆம் ஆண்டு சூன் திங்கள் 25-ஆம் நாளுக்கும் சூலைத் திங்கள் 25-ஆம் நாளுக்கும் இடையே அரசு கட்டில் ஏறினான் என்பது கல்வெட்டாராய்ச்சியாளர் கணித்துக் கண்ட முடிபு. அக்கணக்கின்படி அவனது 29-ஆம் ஆட்சியாண்டு 1013-ஆம் ஆண்டின் நடுவிற்றொடங்கி 1014-ஆம் ஆண்டின் நடுவில் முடிவதாகும். அவன் வாழ்வின் இறுதியாண்டும் அதுவே. வரலாறெழுதுவோர் அவ்யாண்டை ஓர் ஆட்சி முடிந்து மற்றோர் ஆட்சி முழுமையுற்ற எல்லையாகக் குறித்து மேற்செல்வர். சைவ நன்மக்களோ அதனைப் பிறிதொரு காரணம்பற்றி நினைவில் வைத்தற்குரியர். தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்வார் ஐம்பதின்மருக்கு நிவந்தம் வகுத்த கல்வெட்டு அவ்யாண்டினைத் தாங்கி நிற்கின்றது.

இக்கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையின் இரண்டாந் தொகுதியில் அச்சாகிப் பல்லாண்டுகளாக அறிஞர் கையில் வழங்கி வருவது. சமயச் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி எடுத்தாளப் பெறுவது. ஆயினும் 'இராசராசன் நாற்பத்தெண்மர் ஓதுவார்களை ஏற்படுத்தினான்' என்ற ஒரு தொடரளவில் நின்றுவிடுவதே பெரும்பான்மை வழக்காயிற்று. அக்கல்லின் மிகுதிப் பகுதி எதனைப் பேசுகின்றது என்று நோக்குவார் சிலரே. அப்பகுதியிலேதான் தமிழிசை வரலாற்றிற்கு இன்றியமையாத செய்தி அடங்கிக் கிடக்கின்றது.

முதற்கண் கல்வெட்டின் பொருளைச் சுருங்கக் கூறுதும் எனின், அது வருமாறு: அரசன் இராசராசேச்சரமுடையார்க்குத் திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்தற்பொருட்டுப் பிடாரர் நாற்பத்தெண்மரைக் கொடுத்தான். அவருடன் நிலையாக உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் சேர்க்கப்பட்டனர். ஆக ஐம்பதின்மர்க்கும் பேரொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, கோயிலின் உள்ளூர்ப் பண்டாரத்தினின்றும் அளிக்கப்பெறும். ஒரு நாளைக்கு 150 குறுணி. அஃதாவது பன்னிரண்டு கலமும் ஆறு குறுணியும். முந்நூற்றறுபது நாளுக்குக் கணக்கிடின் 4,500 கலம் ஆகும். ஒருவர்க்கு ஆண்டொன்றுக்குத் தொண்ணூறு கலம். அதே கோயிலில் அதே அரசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரில் ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் ஒரு பங்கும் வகுத்திருந்தமையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. கூத்தப்பிரானது திருப்பெயரையே தாங்கிய மரக்காலால் அவன் புகழ் பாடுவார்க்கு நெல் அளந்தனர் என்பதும் எண்ணி மகிழ்தற்குரியது.

ஈண்டு ஆண்டுக் குறிப்பின் தன்மையைச் சிறிது ஆராய்தல் வேண்டும். கல்வெட்டு 29-ஆம் யாண்டில் இதனைச் செய்தான் என்னாது, 29-ஆம் யாண்டுவரை கொடுத்தவற்றைக் கூறும் முறையில் அமைந்துளது. ஆகவே ஐம்பதின்மரும் ஒரு நாளில் ஒருங்கே வந்து சேர்ந்தனர் என்று கொள்ளுதற்கிடனில்லை. விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய செப்புக்குடத்தை அரசன் கொடுத்தது தன் 25-ஆம் யாண்டு 275-ஆம் நாளில். அஃதாவது 1010-ஆம் ஆண்டில். அதன் பின்னர் நான்காண்டு எல்லைக்குள் சிறிது சிறிதாகக் கூட்டப்பெற்ற பாடகர் கூட்டம், அரசன் திருவாய்மொழிந்தருளியபடி, இறுதியாகக் கல்லில் ஏறிற்று என்பதே பொருத்தமாம். எனவே 1014 என்பது தொடங்கிய ஆண்டன்று. முன்னரே நடைபெற்று வந்த தொன்றனை இனி என்றும் குறையாது நடைபெறுமாறு கட்டிய ஆண்டு என்க.

நாற்பத்தெண்மரைக் குறிக்கும் பிடாரர் என்னும் சொல் பட்டாரகர் என்பதன் திரிபென்பர். அவர்தம் பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றது. இயற்பெயரை அடுத்துப் பலர்க்கும் அகோரசிவன், ஈசானசிவன், ஞானசிவன், சதாசிவன் என்றாற்போலச் சிவன் என முடியும் தீக்கைப் பெயர் காணப்படுகின்றது. இதனால் இவர்கள் கூலிக்குப் பாடும் இசைவாணர் மாத்திரையர் அல்லர்; சிவதீக்கை பெற்றுத் தகுதியுடையராய்த் திருமுன்பு நின்றவர் என்பது பெறப்படும். இது சித்தாந்த நூல் பயில்வார் ஊன்றி நோக்குதற்குரிய செய்தி. கிரியை வேறு, பாட்டு வேறு என்று பிற்காலத்தார் சிலர் பிரித்துப் பேசுதற்கு அக்கல்லில் இடமில்லை.

இன்னொன்று. அவர்கள் செய்த தொழிலைக் கல்வெட்டு பாடுதல் என்னாது விண்ணப்பஞ் செய்தல் என்றே எங்கும் கூறுகின்றது. அதே கோயிலில் தளிச்சேரிக் கல்வெட்டிலே ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார் என வேறு சிலர் எண்ணப்படுகின்றனர். அவரைக் குறிக்குங்கால் பாடுவார் என்ற சொல் தாராளமாக வந்துவிடுகின்றது. ஓர் அரசனின் ஓரதிகாரிகள் ஒரு கோயிலில் வெட்டுவித்த இரு கல்வெட்டுக்களில் இச்சொல் வேற்றுமை தற்செயலாக நேர்ந்ததென்று கொள்ளுதல் அரிது. பதிகம் ஓதுதல் கேட்பார் செவிக்கு விருந்தாகச் செய்யப்படும் தொன்றன்று. இறைவன் திருச்செவியிற் சென்று சேரவேண்டிய முறையீடு என்னுங் கருத்து அச்சொல்லாட்சியில் விளங்குகின்றது. தேவாரம் என்ற சொல்லோ அக்காலத்திற் பதிகத் தொகுதிக்குப் பெயராக அங்கு வழங்கவில்லை. அரசன் தனக்கென வைத்து வழிபடும் மூர்த்தியைத் தேவாரதேவர் என்று அக்கோயிற் கல்வெட்டே சொல்லும். வழிபாட்டைக் குறித்த சொல் பின்னர் வழிபாட்டிற் பாடும் பாட்டிற்கு ஆகிவந்தது போலும்.

ஐம்பதின்மருள் யாழ் வாசிப்பான் ஒருவனும் இல்லை என்பது பலர் கவனத்திற்கு வாராத தொன்று. உடுக்கையும் கொட்டிமத்தளமும் தாளத்திற்குரிய தோற்கருவிகள். நரம்புக்கருவி கோயிலில் இல்லாமலில்லை. தளிச்சேரிக் கல்வெட்டில் வீணை வாசிப்பார் உளர். ஆனால் அவர் பதிகம் ஓதும் கூட்டத்திற் சேர்க்கப்படவில்லை. திருஞானசம்பந்தர் காலத்திலோ, திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் பிள்ளையாரைப் பிரியாது உடன்சென்று பதிகந்தோறும் யாழிலிட்டு வாசித்தனர். ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளில் யாழ் விலகிக் குரலும் தாளமும் எஞ்சின.

இவ்விடத்துத் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி நினைவுக்கு வருதல் இயல்பு. பாணர் தம் யாழிலிட்டு வாசித்தலாலேதான் பதிகத்தின் இசை பரந்ததென்று அவர்தஞ் சுற்றத்தார் கூறினர். அதனைக் கேட்டு அஞ்சிய பாணர் பிள்ளையாரை வேண்ட, பிள்ளையாரும் கருவியில் அடங்காத பதிகமொன்றைப் பாடியருளினார். வாசிக்கமாட்டாத பாணர் யாழை உடைக்க ஓங்க, அவரைத் தடுத்து, அடங்கிய அளவில் வாசிக்கும்படி பணித்தருளினார் என்பது சேக்கிழார் அருளிய வரலாறு. அப்பதிகத்தின் பண் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. இத்தருமபுரம் காரைக்காலை அடுத்துள்ளது. மயிலாடுதுறையை அடுத்து ஆதீனம் விளங்கும் தருமபுரத்தை இதுவெனக் கருதி மயங்குவார் இன்றும் உளராதலின் இதனை ஈண்டுக் குறித்தல் வேண்டியதாயிற்று. பதிக இசைக்கு உறைவிடம் கருவியன்று, மிடறே என்பது அந்நிகழ்ச்சியின் உட்கிடை. நாற்பத்தெண்மர் குரலையும் இரண்டு தோற்கருவியையும் மாத்திரம் வைத்துத் தஞ்சையில் ஓதுவித்த அமைப்பும் அதனோடு இசைந்து நிற்கின்றது.

இனி, கல்வெட்டின் மிகுதிப் பகுதி. நெல்லின் அளவு கூறியதும் அரசன் ஆணை நின்றுவிடவில்லை. ஐம்பதின்மரும் மாந்தர், சாவார், சிலர் ஊர்விட்டு வேற்று நாடு செல்லவுங் கூடும். அக்காலத்து என் செய்வது? இறந்தவர்க்கும் சென்றவர்க்கும் தலைமாறாக அவர்க்கு அடுத்த முறைக்குரியவர் அந்நெல்லைப் பெற்றுப் பதிகம் ஓதுக என்பது முதல் விதி. அவ்வுரிமையாளர் தாம் ஓதுதற்குத் தகுதியில்லாதவராயின் நெல்லை மட்டும் பெற்றுக்கொண்டு வாளா இருத்தல் ஆகாது. தகுதியுடையான் ஒருவனை ஆளாக இட்டு ஓதுவித்தே பெறுதல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. அடுத்த முறைக்கு ஒருவருமே இல்லாதொழியின், அக்கூட்டத்தாரே தக்கான் ஒருவனைத் தேர்ந்து நியமிக்க, அவன் அந்நெல்லைப் பெறுக என்பது மூன்றாம் விதி.

இம்மூன்று விதிகளையும் ஒருங்கு வைத்துப் பார்க்குமிடத்து அரசனுடைய அச்சம் எதுவென்பது நன்கு புலனாகும். நிலமும் பொன்னும் கொடுத்தால் அவை அழியாது நிற்கும். விளக்கிற்கு விட்ட ஆடு சாவா மூவாப் பேராடு என்று எழுதினால் அதன் எண்ணிக்கை குறையாது. பாட்டு அவ்வாறன்று. அது ஒருவன் நெஞ்சிலும் மிடற்றிலும் இருப்பது, அவனோடு போய்விடுவது. ஆதலின் உரிமையைக் குடிவழியிற் கொடுத்தவன் தகுதியைக் குடிவழிக்கு விட்டுவிடவில்லை. மகனுக்கு நெல் உரியது. ஆனால் பாட்டு வேண்டும். பாட்டில்லாத மகன் பாட்டுடைய ஒருவனைக் கொண்டுவருதல் வேண்டும். அவனும் இல்லையேல் தக்கார் யாவர் என்று அறிய வல்லவர் அதிகாரிகள் அல்லர். உடன் ஓதும் கூட்டத்தாரே. இசை வழிவழி நிற்றற்கு இதனினும் நுட்பமான ஏற்பாடு பிற்கால நிறுவனங்களிலும் அருகியே காணப்படும். குலத்தில் உரிமையை வைத்துத் தகுதியை மறந்த இடங்களில் நிகழ்ந்தது யாது என்பதனை விரித்தல் வேண்டா. நம் கோயில்கள் பலவற்றின் பிற்கால நிலையே சொல்லும்.

மற்று, இராசராசனே பதிகம் ஓதுதலைத் தோற்றுவித்தவன் என்பார் கூற்றுப் பொருந்தாது. வடஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள திருவல்லத்து வில்வநாதேசுவரர் கோயிலில் விசயநந்திவிக்கிரமவர்மனது 17-ஆம் யாண்டுக் கல்வெட்டொன்று உளது. 9-ஆம் நூற்றாண்டினதாகிய அதில் கோயிற் பணி செய்வார்க்கு நெல் வகுக்குமிடத்துத் திருப்பதியத்திற்கு உரியாரும் கூறப்படுகின்றனர். தஞ்சைக் கோயில் எழுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலேயே பாலாற்றங்கரைப் பகுதியிற் பதிகம் ஒலித்தது என்பதற்கு அக்கல் சான்று.

இதனைக் காட்டித் திருமுறை கண்ட புராணத்தைப் பொய்க்கதை என்று தள்ளுவார் ஒரு சாரார். அப்புராணம் இராசராச அபயகுலசேகரன் என்னும் மன்னன் வேண்டுகோளின்படி, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி தில்லையில் மூவர் கைச்சாத்திட்டுப் பூட்டிய அறையைத் திறப்பித்து, செல்லரித்தது போக எஞ்சிய ஏடுகளை எடுத்து வகுத்த வரலாறு கூறுவது. உமாபதி சிவாசாரியார் இயற்றியது என்று வழங்குவது. அவர் காலம் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். புராணம் கூறும் நிகழ்ச்சிக்கும் அதற்கும் இடையே முந்நூறாண்டு கழிந்துள்ளது. அம்மன்னன் முதலாம் இராசராசனா, அவனுக்கு முற்பட்ட முதலாம் ஆதித்தனா என்னும் வழக்கும் அறிஞரிடை நிகழ்ந்தது. இராசராசனுக்கு முன்னரே பதிகம் ஓதப்பட்டதாயின், அவன் தேடிக் கண்டெடுத்தான் என்றல் யாங்ஙனம் என்பது மறுப்பாளர் வினா.

புராணத்தை உள்ளவாறு கற்பார்க்கு இவ்வினா எழுதற்கிடனில்லை. மன்னன் பதிகத்தை அறியாதிருந்தான் என்று அந்நூல் யாண்டும் கூறவில்லை. தன் அவைக்கு வந்த அடியார் ஓதிய ஒவ்வொரு பதிகத்தைக் கேட்டு உள்ளம் உருகினான். உருகியவன் முழுத்தொகுதியையும் காண விரும்பித் தேடினான் என்பதே அதன் கூற்று. ஊர்தோறும் தத்தம் தலத்துப் பதிகத்தை ஓதுவார் இருந்தனர். திருவல்லத்துக் கல் காட்டுவதும் அதுவே. இல்லாதிருந்தது தொகுதி. ஆகவே கல்வெட்டும் புராணமும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. மன்னன் யாவன் என்னும் வழக்கு எவ்வாறு முடியினும் இக்கருத்திற்கு இழுக்கில்லை.

ஏடு கிடைத்தபின் நிகழ்ந்ததே இசைவரலாற்றிற் பெரிது. ஏட்டிற் சொல் இருந்தது, பண் இல்லை. அதற்கென் செய்தனர்? வேறோர் அறையைத் திறக்கவில்லை. வேறோர் ஏட்டைத் தேடவில்லை. யாழ்ப்பாணர் அவதரித்த திருஎருக்கத்தம்புலியூருக்கு, இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் எனப்படும் ஊருக்கு, மன்னனும் நம்பியும் சென்றனர். அப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்திக்குப் பண் முறையைத் தந்தோம் என்னும் அருள்வாக்கு எழுந்தது. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து, கூத்தப்பெருமான் திருமுன்பில், பதிகங்கட்குப் பண் அமைப்பித்தனர். அவள் பெயரைப் புராணம் கூறிற்றில்லை. மூவர் கைச்சாத்துடன் பூட்டி வைத்த ஏட்டைச் செல் தின்றது. ஒரு சிற்றூரில் ஒரு குடியினர் வாய்வழியே காத்த இசையோ பிழைத்தது. மறைவான அறையைக் காட்டிலும் மிடறு நம்பத்தக்கதாயிற்று.

தஞ்சைக் கல்லின் மூன்று விதிகளையும் இந்நிகழ்ச்சியையும் அருகருகே வைக்க, இரண்டும் ஒரே உண்மையை உணர்ந்தவர் செயல் என்பது விளங்கும். பண்ணைக் காத்தல் என்பது பண்ணறிந்தாரைக் காத்தல். அப்புராணம் பண்தோறும் கட்டளை இத்துணை என எண் கூறிச் செல்கின்றது; எண் உளது, இசை ஆங்கில்லை. ஏடுகளும் அவ்வாறே. நட்டபாடை, தக்கராகம், இந்தளம், சீகாமரம் என்று பதிகத் தலைப்பிற் பெயர் எழுதினர். பெயரைக் கண்டவுடன் பாட வல்லவன் எதிரில் இருப்பான் என்பது எழுதினார் நம்பிக்கை.

இசையையே கல்லில் எழுதும் முறை அந்நாளில் தமிழகத்தில் அறியப்படாத தொன்றா எனின், அன்று. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், குகைக்கோயிலின் பக்கத்துப் பாறையில், 7-8-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு கிராம இராகங்கட்குரிய சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பாரின் மாணாக்கனாகிய பரம மாகேசுவரனான அரசன் ஒருவன் செய்தது என்பது அதன் ஈற்றுச் செய்தி. மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். அரசன் பெயர் கல்லில் இன்மையின் அது உறுதிப்படவில்லை. அவ்வேழனுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் தேவாரப் பண்களுள் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பவற்றை உடனே நினைவூட்டும். அங்கே சுரம் உளது; சொல் இல்லை. தேவார ஏட்டிலே சொல் உளது, சுரம் இல்லை. குடுமியான்மலைக் கல்லில் ஓரெழுத்தும் சிதையாத பகுதிகளைக் கொண்டும் அதனை உள்ளவாறு பாடிக் காட்டுவது எளிதாயில்லை. பாடிக் காட்டுவார் மரபு அற்றுப்போனமையே அதற்குக் காரணம்.

இராசராசனுக்குப் பின்னும் பதிகத்தைப் போற்றினார் பலர். குலோத்துங்க சோழன் படைத்தலைவனாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் என்பவன், மூவர் பதிகங்களைச் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையிற் சேர்த்தான். ஓலையைச் செல்லரித்த வரலாறு அவன் நெஞ்சில் இருந்தது போலும். திருவாமாத்தூரில் கண்ணிழந்தார் பதினறுவரைத் திருப்பதிகம் ஓத அமைத்து, அவரை அழைத்துச் செல்வார்க்கும் வழிசெய்த சோழர்காலக் கல்வெட்டும் உளது. ஏடு காண இயலாதாரைக் கொண்டு ஓதுவித்த அவ்வறம், பதிகம் முற்றிலும் செவிவழிக் கல்வியாய் இருந்தமைக்கு வேறு சான்று வேண்டாது காட்டும்.

செம்பும் கல்லும் சொல்லைக் காக்கும் என்பதற்குத் திருவிடைவாய் நல்ல எடுத்துக்காட்டு. அத்தலத்திற்குரிய திருஞானசம்பந்தர் பதிகம் ஏடுகளில் இல்லாது மறைந்திருந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கோயிற் கல்வெட்டினின்றும் எடுக்கப்பெற்றது. சொல் திரும்பி வந்தது. அதனை அக்காலத்தார் பாடிய குரல் எவ்வாறு இருந்ததென்பதைக் கல் சொல்லவில்லை.

பண்களின் பிற்கால நிலையை உணர்தற்கு 1940-க்குப் பிற்பட்ட முயற்சிகள் துணையாவன. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல், திருஞானசம்பந்தர் ஓடம் செலுத்திய திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அடிகளார் மறைந்தனர். 1949 முதல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தார் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்தி, ஓதுவார்களை அழைத்துப் பாடச்செய்து, ஒவ்வொரு பண்ணுக்கும் இன்றைய இராகம் யாது என்று ஆய்ந்தனர். நூல் கொண்டு முடிவுகட்டாது ஓதுவாரைப் பாடச்செய்து கேட்டமை போற்றத்தக்கது. எருக்கத்தம்புலியூருக்குச் சென்றவர் மேற்கொண்ட நெறியும் அதுவேயன்றோ!

அவ்வாய்வாலும் ஓதுவார் வழக்காலும் நிலைபெற்றவற்றுள் புறநீர்மை பூபாளமாகவும், கௌசிகம் பைரவியாகவும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், செவ்வழி எதுகுலகாம்போதியாகவும் பாடப்பெறுகின்றன. இவை ஒன்றுக்கொன்று என நிற்பன. ஆனால் தக்கராகமும் காம்போதி, தக்கேசியும் காம்போதி. நட்டராகமும் பந்துவராளி, சாதாரியும் பந்துவராளி. கொல்லியும் கொல்லிக்கௌவாணமும் நவரோசு. பழையோர் இரு வேறு பெயரிட்டு, இரு வேறிடத்து வைத்து, வெவ்வேறு கட்டளை எண்ணிய பண்கள் ஒன்றாக இருந்திருத்தல் இயலாது. அவற்றைப் பிரித்துக் காட்டிய நுண்மை எங்கோ ஒரு தலைமுறையில், தலைமாறு கிடையாது ஒருவன் மறைந்தபொழுது, அவனுடன் மறைந்தது. அதனை இந்நாளில் ஓதுவார்மேற் குற்றமாக ஏற்றுதல் தகாது. எஞ்சியவற்றைக் காத்தவர் அவரே. நெல் நின்றுபோன இடங்களிலும் ஓதுதலை நிறுத்தாதவர் அவருட் பலர்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்குச் சில நாள் முன்னர், தமிழ், வடமொழி இரண்டிலும் அதனை நடத்துவதற்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருந்தது. ஆயிரத்தாறு ஆண்டுகட்கு முன் அரசன் திருவாய்மொழிந்து கல்லில் வெட்டுவித்த ஓர் உரிமை வழக்குமன்றத்திற் பேசப்படவேண்டியதாயிற்று என்பது வியப்பே; எனினும் ஓதுவார்கள் அன்று திருமுறை ஓதினர். அதற்கடுத்த ஆண்டு, 2021-இல், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண்மணி ஒருவர் ஓதுவாராக நியமனம் பெற்றார். இதனைப் புதுமை என்றனர் சிலர். எருக்கத்தம்புலியூரினின்றும் தில்லைக்கு அழைத்துவரப்பெற்ற பெண்ணை அவர் மறந்தனர் போலும்.

இப்பொழுது பண்களுக்குச் சுரக்குறிப்பு எழுதிய நூல்கள் உள. ஓதுவாமூர்த்திகள் பாடிய ஒலிப்பதிவுகளும் பல. ஆயினும் தேவாரப் பாடசாலைகளில் ஆசிரியர் ஓரடி பாட, மாணாக்கர் அதனைத் திரும்பப் பாடும் முறையே நடைபெறுகின்றது. மாணாக்கன் மடியில் விரித்து வைத்த நூலில் பதிகத்தின் தலைப்பில் பண்ணின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதன்கீழ்ச் சொற்கள் இருக்கும். அவன் பார்ப்பது நூலையன்று, ஆசிரியர் வாயை.